வீதியற்ற நிலமும் அரைப்பட்டி வண்டியும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

போக்குவரத்தின் வரலாறு பெரும்பாலும் வண்டிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில் எந்த இயந்திரம் தோன்றியது, அதனை ஆக்கியவர் யார், அது எத்தனை மைல் ஓடிற்று என்பனவே அவ்வரலாற்றின் பொருளாக அமைகின்றன. அவ்வண்டி ஓடுவதற்கு நிலத்தைச் சமன்செய்தவர் யார், அது நின்றுபோன இடத்தில் அதனைத் தோளிற் சுமந்தவர் யார், அதன் வருகையால் யாருடைய சுமை குறைந்தது என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. பிரயாணிகள் காரொன்றை அடிப்படையாகக் கொண்டு ஆக்கப்பட்ட ஒரு பரிசோதனை வண்டியின் வரலாற்றை இவ்வினாக்களோடு அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விடயத்தை நாம் மாத்தளை மாவட்டத்தின் லக்கலைப் பிரதேசத்தை மனத்திற்கொண்டு நோக்குகின்றோம். அதற்குக் காரணம் உண்டு. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவில், இரத்தோட்டைப் பக்கமாகப் பெருந்தோட்டங்கள் பரந்தன. தோட்டங்களை நாடி வீதிகளும் வந்தன. கிழக்குச் சரிவிலுள்ள லக்கலையிலோ சேனைப் பயிர்ச்செய்கையும் சிறு வயல்களுமே மக்களின் வாழ்வாதாரமாயிருந்தன. அங்குள்ள கிராமங்கள் பலவற்றுக்கு மோட்டார் வண்டி செல்லத்தக்க வீதி மிகப் பிந்தியே கிடைத்தது. ஒரே மலையின் இரு பக்கங்களுக்கிடையில் இவ்வேறுபாடு ஏன் தோன்றிற்று என்பதற்கு மலையின் அமைப்பு மட்டும் விடையாகாது.

வீதியில்லாத நிலத்தை எதிர்கொள்வதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, நிலத்தை மாற்றி வீதி சமைத்தல். மற்றையது, நிலத்தை அவ்வாறே விட்டு வண்டியை மாற்றுதல். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் வழியின் மீது பெரும் நம்பிக்கை வைக்கப்பட்டது. அந்நம்பிக்கையின் வடிவமே அரைப்பட்டி வண்டி. நமது உபகண்டத்தில் அது எதிர்கொண்ட மிகக் கடுமையான சோதனை, 1931ஆம் ஆண்டில் காஷ்மீரத்துச் சிறீநகரிலிருந்து கில்கித் வரையுள்ள மலைப்பாதையில் நிகழ்ந்தது. அச்சோதனையின் பெறுபேறு, லக்கலை போன்ற பிரதேசங்களின் வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கும் துணைசெய்வதாகும்.

1. வண்டியின் அமைப்பு

முதலில் வண்டியின் அமைப்பைச் சுருக்கமாக நோக்குதல் தகும். சேறு நிறைந்த வயலில் வெறுங்காலோடு நடப்பவன் புதைகின்றான். அதே சேற்றின்மேல் பலகையொன்றை இட்டு நடந்தால் புதைவதில்லை. அவனது பாரம் குறையவில்லை. அப்பாரம் பரந்த இடத்தில் பகிரப்படுகின்றது. சங்கிலிச் சக்கரத்தின் தத்துவமும் இதுவே. வண்டி தனக்கு வேண்டிய பலகையைத் தானே விரித்துக்கொண்டும் சுருட்டிக்கொண்டும் முன்செல்கின்றது.

உலோகத் தகடுகளைப் பிணைத்துச் செய்த முழுச் சங்கிலி இயந்திரங்கள் அமெரிக்காவில் உழவுக்கெனத் தோன்றிப் பின்னர் முதலாம் உலகப் போரில் தாங்கிகளுக்கு வழிகாட்டின. அவை பாரமானவை, மெதுவானவை. ஒரு பக்கச் சங்கிலியின் வேகத்தைக் குறைத்தே அவற்றைத் திருப்ப வேண்டியிருந்தது. பிரயாணிகள் கார் ஒன்றின் இலேசான சட்டகமும் சிறிய இயந்திரமும் இவ்வேற்பாட்டைத் தாங்கமாட்டா. எனவே முன்சக்கரங்களை அவ்வாறே வைத்து, அவற்றால் வண்டியைத் திருப்பி, பின்சக்கரங்களுக்குப் பதிலாக மட்டும் நெகிழும் பட்டியை இணைக்கும் முறை வகுக்கப்பட்டது. பட்டியை இழுக்கும் சக்கரமொன்று, அதனை இறுக்கிப் பிடிக்கும் சக்கரமொன்று, இவற்றிடையே பாரத்தைத் தாங்கும் சிறு உருளைகள் என்பன சேர்ந்து ஒரு தொகுதியாயின. இத்தொகுதி முழுவதும் ஓர் அச்சைச் சுற்றி மேலும் கீழும் அசையக்கூடியதாகையால், மேடுபள்ளங்களுக்கேற்பப் பட்டி நிலத்தைப் பற்றிக்கொள்ளும். பனி நிலத்தில் முன்சக்கரங்களுக்குச் சறுக்குப் பலகைகளும் பொருத்தப்பட்டன. பாதி சக்கரமும் பாதி பட்டியுமாக அமைந்த இதனையே நாம் அரைப்பட்டி வண்டி என இங்கு குறிப்பிடுகின்றோம்.

2. அரண்மனைக் கொட்டகை

இம்முறையை வகுத்தவர் அடோல்ப் கெக்ரெஸ் என்னும் பிரெஞ்சுக்காரர். 1879இற் பிறந்த இவர், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ருசியா சென்று, இரண்டாம் நிக்கலஸ் மன்னனின் மோட்டார் வண்டிக் கொட்டகையில் தொழில்நுட்பப் பொறுப்பாளரானார். மன்னனிடம் ஐரோப்பாவின் விலையுயர்ந்த கார்கள் பல இருந்தன. ஆயின் மாரி காலத்துப் பனியில் அவை பயனற்றுக் கிடந்தன. அரண்மனையின் பிரயாணங்கள் தடைப்படாதிருக்க வேண்டும் என்பதே கெக்ரெசின் முன்னிருந்த பணி. தொடக்கத்தில் தோலாலான பட்டிகளைப் பயன்படுத்திய அவர், பின்னர் றப்பராலும் துணியாலும் ஆன பட்டிகளுக்கு மாறினார்.

பரந்த ருசிய நாட்டில் கோடிக்கணக்கான குடியானவர் ஆண்டுதோறும் சேற்றுக் காலத்திலும் பனிக் காலத்திலும் பாதையின்றித் தவித்தனர். அத்தவிப்பு இவ்வாய்வைத் தூண்டவில்லை. ஒரு குடும்பத்தின் வசதியே தூண்டிற்று. விஞ்ஞான அறிவு எந்த வினாவுக்கு விடைதேடப் புறப்படுகின்றது என்பதை, அவ்வினாவை எழுப்பும் வலிமை யாரிடமுள்ளது என்பதே தீர்மானிக்கின்றது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

1917இல் முடியாட்சி வீழ்ந்தது. கெக்ரெஸ் நாடு திரும்பினார். அவர் விட்டுச்சென்ற முறை அங்கு மறைந்துவிடவில்லை. பெத்ரோகிராட்டின் புட்டிலோவ் ஆலையில் ஒஸ்டின் கவச வண்டிகளுக்கு அவரது பட்டிகள் பொருத்தப்பட்டன. உள்நாட்டுப் போரிலும் போலந்துப் போரிலும் அவை ஈடுபடுத்தப்பட்டன. லெனின் பயன்படுத்திய, பட்டி பொருத்திய ரோல்ஸ் ரொய்ஸ் கார் இன்றும் மொஸ்கோவுக்கு அண்மையிலுள்ள கோர்க்கி அருங்காட்சியகத்திற் பேணப்படுகின்றது. அரண்மனையின் ஆடம்பரத்துக்கெனப் பிறந்த கருவி புரட்சியின் கருவியாகவும் மாறிற்று. கருவியின் குணம் அதன் பிறப்போடு முடிந்துவிடுவதில்லை; அதனைக் கையாளும் சமூக சக்தியே அதற்குப் பொருளளிக்கின்றது.

3. பாலைவனமும் விளம்பரமும்

பிரான்சு திரும்பிய கெக்ரெசின் முறையை மோட்டார் உற்பத்தியாளரான அந்திரே சிட்ரொயென் ஏற்றுக்கொண்டார். அமெரிக்கப் போர்ட் ஆலையின் தொடர்வரிசை உற்பத்தி முறையை ஐரோப்பாவிற் பெரும் அளவிற் கைக்கொண்டவர் அவர். அவரது நிறுவனம் விற்பனை செய்த பி2 என்னும் குடும்பக் காரின் சட்டகமும் 1,452 கன சென்ரிமீற்றர் இயந்திரமுமே புதிய வண்டிக்கு அடிப்படையாயின. சாதாரண அலுவலகரொருவர் ஞாயிற்றுக்கிழமைகளிற் குடும்பத்தோடு உலாவச் செல்லும் காரே, பின்புறத்திற் பட்டி பூண்டு பாலைவனம் புகுந்தது.

1922 டிசம்பர் 17ஆந் திகதி அல்ஜீரியாவின் துகூர்ட் நகரிலிருந்து ஐந்து வண்டிகள் புறப்பட்டன. ஜோர்ஜ் மாரி ஹார்ட், லூயி ஓடுவான் டுப்ரேய் ஆகிய இருவரும் அவற்றுக்குத் தலைமை தாங்கினர். 1923 ஜனவரி 7ஆந் திகதி அவை திம்பக்துவை அடைந்தன. ஒட்டக வணிகக் கூட்டங்கள் மாதக்கணக்கில் நடந்த சகாராவை மோட்டார் வண்டி மூன்று வாரங்களிற் கடந்தமை உலகெங்கும் வியப்போடு பேசப்பட்டது. 1924 ஒக்டோபரில் எட்டு வண்டிகள் மீண்டும் அல்ஜீரியாவிலிருந்து புறப்பட்டு, ஆபிரிக்கக் கண்டத்தின் குறுக்கே சென்று, 1925 ஜூனில் மடகஸ்காரை அடைந்தன. ‘கறுப்புப் பயணம்’ என அதற்குப் பெயரிடப்பட்டது.

இப்பயணங்களை வெறும் சாகசம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. வட ஆபிரிக்காவிலிருந்து நைகர் நதி வரை பிரெஞ்சு ஆட்சி பரந்திருந்தது; இடையிலுள்ள பாலைவனம் அவ்வாட்சியை இரண்டாகப் பிரித்தது. வீதி சமைப்பதாயின் பெருஞ் செலவு ஏற்படும். அவ்வீதியைப் பேணும் பொறுப்பும் ஆட்சியைச் சாரும். வீதியின்றியே ஓடும் வண்டியோ நிலத்துக்கு எதுவும் செய்யாமலே நிலத்தை ஆள்வதற்கு வழிவகுத்தது. ஏகாதிபத்தியத்துக்கு அரைப்பட்டி வண்டி உவப்பாயிருந்தமைக்கு இதுவே அடிப்படைக் காரணம் எனலாம். அதேவேளை நிறுவனத்தின் வணிக நோக்கும் உடன்சென்றது. பயணங்கள் திரைப்படமாகவும் நூலாகவும் கண்காட்சியாகவும் மாறின. செல்வந்தப் பிரயாணிகளைச் சொகுசாகச் சகாராவைக் கடக்கச் செய்யும் திட்டமொன்றும் வகுக்கப்பட்டது. 1925இன் தொடக்கத்தில் அது கைவிடப்பட்டது.

4. பட்டியின் மூலப்பொருள்

கெக்ரெசின் பட்டி றப்பரால் ஆனது என்பது நமக்குச் சிறப்பான முக்கியத்துவம் உடையதாகும். 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் வழியாகக் கொண்டுவரப்பட்ட றப்பர்க் கன்றுகள் இலங்கையின் ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. அரை நூற்றாண்டு கழிவதற்குள் உலகின் றப்பர் வழங்கலிற் பெரும்பங்கு மலாயா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியா ஆகிய குடியேற்ற நாடுகளின் பெருந்தோட்டங்களிலிருந்தே கிடைக்கலாயிற்று. சகாரா பயணம் தொடங்கிய 1922ஆம் ஆண்டிலேயே, விலை வீழ்ச்சியைத் தடுப்பதற்கென மலாயாவிலும் இலங்கையிலும் றப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் ஸ்டீவன்சன் திட்டத்தைப் பிரித்தானியா நடைமுறைப்படுத்திற்று.

மோட்டார் யுகத்தின் சில்லுகளும் பட்டிகளும், விடியற்காலையிற் கத்தியும் வாளியுமாக மரத்தடிக்குச் சென்ற தொழிலாளரின் உழைப்பிலிருந்தே உருண்டன. மலாயாவின் தோட்டங்களில் அவர்களிற் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து சென்றவர்கள். பாலைவனத்தை வென்ற பொறியியலாளரின் பெயர் வரலாற்றில் நிலைத்தது. பட்டியின் மூலப்பொருளை வடித்தவர்கள் புள்ளிவிவரங்களில் மட்டுமே இடம்பெற்றனர். உற்பத்திச் சங்கிலியின் ஒரு முனை ஒளியிலும் மறுமுனை இருளிலும் இருப்பதே குடியேற்ற நாட்டுப் பொருளாதாரத்தின் இயல்பு.

5. கில்கித் பாதை, 1931

ஆபிரிக்காவை அடுத்து ஆசியா இலக்காகக் கொள்ளப்பட்டது. மத்தியதரைக் கடலிலிருந்து பீக்கிங் வரை செல்லும் இப்பயணத்துக்கு ‘மஞ்சட் பயணம்’ எனப் பெயர். ஹார்ட்டின் தலைமையில் ஒரு குழு 1931 ஏப்ரல் 4ஆந் திகதி பெய்ரூத்திலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டது. விக்தர் புவானின் தலைமையில் மற்றொரு குழு சீனத்தின் தியன்சினிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டது. சோவியத் நிலப்பகுதியூடாகச் செல்ல அனுமதி கிடைக்காமையால், ஹார்ட்டின் குழு ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்து, ஜூன் மாதத்தில் சிறீநகரை அடைந்தது. அங்கிருந்து இமயத்தைக் கடந்து கஷ்கார் செல்ல வேண்டியிருந்தது. ஏழு வண்டிகளுள் இரண்டு மட்டுமே மலையேறத் தெரிந்தெடுக்கப்பட்டன.

சிறீநகரிலிருந்து கில்கித் வரையுள்ள தூரம் ஏறத்தாழ 360 கிலோமீற்றர். இடையிலுள்ள புர்சில் கணவாய் 4,000 மீற்றருக்கும் மேற்பட்ட உயரமுடையது. பாதை மட்டக்குதிரைகளுக்கென அமைக்கப்பட்டது. பல இடங்களில் வண்டியின் அகலமே அதன் அகலமாயிருந்தது. ஓரிடத்திற் பாதையின் விளிம்பு சரிந்து, வண்டியொன்று பள்ளத்தின் மேலே தொங்கி நின்ற காட்சி புகைப்படமாகப் பிரசித்தி பெற்றது. பாதை முற்றாக அறுந்த இடங்களில் வண்டிகள் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டன. இயந்திரம், சட்டகம், பட்டிகள் அனைத்தும் சுமைகாவிகளின் முதுகுகளில் ஏறின. அப்பாலுள்ள திட்டில் அவை மீளவும் பொருத்தப்பட்டன. வீதியை வேண்டாத வண்டி எனப் புகழப்பெற்ற பொறி, வீதியில்லாத இடத்தில் மனிதரின் சுமையாகிற்று.

ஓகஸ்ட் மாதத்தில் கில்கித் அடையப்பட்டது. அதற்கு அப்பால் அவ்வண்டிகள் செல்லவில்லை. ஹன்சாவையும் கிலிக் கணவாயையும் குழுவினர் குதிரைகளிலும் கால்நடையாகவுமே கடந்தனர். சீனக் குழுவையோ சிங்கியாங்கின் ஆளுநர் சின் ஷூரன் உரும்சியில் தடுத்துவைத்திருந்தார். ஒக்டோபரில் அக்சு என்னுமிடத்தில் இரு குழுக்களும் சந்தித்து, சீனக் குழுவின் வண்டிகளில் 1932 பெப்ரவரி 12ஆந் திகதி பீக்கிங் சேர்ந்தன. அடுத்த மாதம் ஹொங்கொங்கில் ஹார்ட் நோயுற்று இறந்தார்.

அந்தக் கில்கித் பாதையின் முன்வரலாற்றை இங்கு நினைவுகூர்தல் அவசியம். 1889இற் கில்கித் ஏஜென்சி மீள நிறுவப்பட்ட பின்னர், ருசிய எல்லையை நோக்கிய இராணுவத் தேவைக்காகவே அப்பாதை விரிவாக்கப்பட்டது. அங்குள்ள படைகளுக்குத் தானியம் கொண்டுசெல்லக் காஷ்மீரக் கிராமத்தவர் ‘பேகார்’ எனப்பட்ட கட்டாய உழைப்புக்குப் பிடித்துச் செல்லப்பட்டனர். குளிரிலும் நோயிலும் வழியில் மாண்டவர் பலர். கில்கித் என்னும் பெயரே கிராமங்களில் அச்சத்தை விளைத்தது என்பதைக் காணி நிர்வாக அதிகாரியான வால்டர் லோரன்ஸ் 1895இல் வெளியிட்ட காஷ்மீரப் பள்ளத்தாக்கு பற்றிய நூலிலிருந்து அறிய முடிகின்றது. பிரெஞ்சு வண்டிகள் ஏறிச்சென்ற பாதை, இவ்வாறு ஏற்கெனவே மனித முதுகுகளால் மிதித்துச் சமைக்கப்பட்ட பாதையாகும்.

வண்டிகள் மலையேறத் தொடங்கிய அதே 1931 ஜூலையில், 13ஆந் திகதி, சிறீநகர் மத்திய சிறைச்சாலைக்கு வெளியே கூடிய மக்கள்மீது மகாராசாவின் படை சுட்டதில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நவீன காஷ்மீரத்தின் அரசியல் விழிப்பு அந்நாளிலிருந்தே கணிக்கப்படுகின்றது. அதன் விளைவாக அமைக்கப்பட்ட கிளான்சி ஆணைக்குழு, காணி உரிமை, தொழில்வாய்ப்பு ஆகியவற்றோடு பேகார் பற்றிய முறைப்பாடுகளையும் ஆராய நேர்ந்தது. மலைப்பாதையில் பொறியின் வலிமை சோதிக்கப்பட்ட அதே நாட்களில், நகரில் சுமந்தவர்களின் பொறுமை எல்லையை எட்டியிருந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கே வைத்து நோக்கும்போதே 1931இன் கோடை நமக்கு முழுமையாகத் தெரியவருகின்றது.

பயணத்தின் பதிவும் கவனத்துக்குரியது. அந்திரே சோவாஜ் என்பவர் எடுத்த படச்சுருள்களை, அவரது தொகுப்பு சிட்ரொயெனுக்கு உவப்பாயில்லாமையால், நிறுவனம் தன்வசமாக்கி லெயோன் புவாரியே என்பவரிடம் ஒப்படைத்தது. 1934இல் வெளியான படம் அவ்வாறு உருவானதே. பயணத்துக்குப் பணமிட்ட நிறுவனமே அதன் வரலாற்றையும் வெட்டி ஒட்டிற்று. அவ்வாண்டின் இறுதியில் அந்நிறுவனம் கடனில் மூழ்கி, சில்லு உற்பத்தியாளரான மிஷெலின் நிறுவனத்தின் கைக்கு மாறியது.

6. பிறிதொரு பயன்பாடு

இவ்வண்டியின் வரலாறு முழுவதும் ஆட்சியினதும் விளம்பரத்தினதும் வரலாறே எனக் கூறிவிடுதல் ஒருபக்க நோக்காகும். ஏறத்தாழ அதே காலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஹம்ஷயர் மாநிலத்தில், வெஸ்ட் ஒசிப்பி என்னும் சிற்றூரைச் சேர்ந்த விர்ஜில் வைட் என்னும் மோட்டார் வணிகர், போர்ட் ‘டி’ காரின் பின்புறத்தில் மேலதிக அச்சொன்றைச் சேர்த்துச் சங்கிலியும், முன்புறத்திற் சறுக்குப் பலகையும் பொருத்தும் முறைக்கு 1917இற் காப்புரிமை பெற்றார். 1922 முதல் அது விற்பனைக்கு வந்தது. அதனை வாங்கியோர் கிராமத்து வைத்தியர்களும் தபாற்காரர்களும் பால் விநியோகித்தோருமே. பனி மூடிய மாதங்களிற் பிரசவம் பார்க்கச் செல்லும் வைத்தியருக்கு அது உதவிற்று.

அமைப்பில் இரண்டும் நெருங்கிய உறவுடையவை. ஒன்று கண்டத்தைக் கடந்து கொடி நாட்டிற்று. மற்றொன்று அயற்கிராமத்துக்குக் கடிதம் கொண்டுசென்றது. முன்னதன் பெயரை உலகம் அறியும். பின்னது பனிநாடுகளின் சிறு அருங்காட்சியகங்களோடு அமைந்துவிட்டது. எனினும் ஒரு கருவியின் மனிதப் பயனை அளவிடுவோமாயின், தூரத்தைவிடத் தேவையே சிறந்த அளவுகோலாகும்.

காலப்போக்கில் அரைப்பட்டி வண்டிக்கு மிகப் பெரிய வாடிக்கையாளராக அமைந்தது இராணுவமே. போலந்து, சிட்ரொயென் பி2 சட்டகத்தின்மீது கவச வண்டிகளை ஆக்கிற்று. அமெரிக்கப் படை 1931இல் பிரெஞ்சு மாதிரியை வாங்கிச் சோதித்து, அதன்வழி வந்த றப்பர்ப் பட்டி வண்டிகளை இரண்டாம் உலகப் போரில் 50,000க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உற்பத்தி செய்தது. போர் முடிந்ததும் அதன் காலமும் முடிந்தது. கடினமான வீதியிற் பட்டி விரைவில் தேய்ந்தது, பராமரிப்புச் செலவு மிகுந்தது, வேகம் குறைந்தது. நான்கு சக்கரங்களும் இயங்கும் ஜீப்பும், 1948இல் வந்த லான்ட் ரோவரும் அதே பணியை எளிதாகச் செய்தன.

7. லக்கலையிலிருந்து நோக்குகையில்

இனி நமது மலைக்கு வருவோம். கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்த பின்னர், மலைநாட்டை ஆள்வதற்கு வீதியே முதற் கருவி என ஆங்கில ஆட்சியாளர் கண்டனர். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்து வீதிகள் இராசகாரிய முறையின் கீழ்க் கிராமத்தவரின் கட்டாய உழைப்பால் வெட்டப்பட்டன. கோல்புறூக் விசாரணையின் பின்னர் 1833இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. ஆயினும் 1848இல் ஆளுநர் டொரிங்டனின் வீதிச் சட்டம் ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதியில் உழைக்க வேண்டும், அல்லது பணம் செலுத்த வேண்டும் என விதித்தது. ஒழிக்கப்பட்டது வேறு உடையில் திரும்பி வந்தது. அவ்வாண்டு ஜூலையில் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்குக் காரணமான சுமைகளுள் இதுவும் ஒன்று. அக்கிளர்ச்சியின் தலைவர்களுள் ஒருவரான புரன் அப்பு ஓகஸ்டிற் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே வடக்கு வீதியால், மன்னாரிலிருந்து தம்புள்ளை ஊடாக மாத்தளைக்கு, கோப்பித் தோட்டங்களை நாடித் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் நடந்து வந்தனர். காட்டிலும் வழியோரத்திலும் கொள்ளைநோயால் மடிந்தவர் ஆயிரக்கணக்கானோர். 1880இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது; அது தோட்டத்து விளைபொருளைத் துறைமுகம் சேர்ப்பதற்கெனவே வந்தது. வீதியும் தண்டவாளமும் பயிர் இருந்த இடம் வரை சென்றன; ஏற்றுமதிப் பயிர் இல்லாத லக்கலைப் பக்கம் பொதிமாடுகளின் தவளப் பாதைகளே நெடுங்காலம் நீடித்தன. வீதி வெட்டும் கடமை சிங்களக் கிராமத்தவனுக்கு விதிக்கப்பட்டது. அவ்வீதி அவனது கிராமத்துக்குப் போகவில்லை. அவ்வீதியால் வந்த தமிழ்த் தொழிலாளியோ தோட்டத்தின் எல்லைக்குள் அடைபட்டான். இரு சாராரின் உழைப்பையும் ஒரே அமைப்பு உறிஞ்சிற்று என்பதை இன அடிப்படையிலான வரலாறுகள் மறைத்துவிடுகின்றன.

கில்கித்துக்கும் லக்கலைக்குமுள்ள ஒப்புமை இங்கேதான் துலங்குகின்றது. கில்கித்துக்குப் பாதை சென்றது, எல்லைப் படைக்குத் தேவையிருந்தமையால். இரத்தோட்டைக்கு வீதி சென்றது, தோட்டத்துரைக்குத் தேவையிருந்தமையால். ஈரிடத்தும் உழைப்புக் கட்டாயத்தாலோ வறுமையாலோ பெறப்பட்டது. ஈரிடத்தும் அங்கு வாழ்ந்த மக்களின் தேவை கணக்கில் எடுக்கப்படவில்லை.

சங்கிலிச் சக்கரம் லக்கலைக்கு வராமலும் இருக்கவில்லை. அது பிரயாணிகளை ஏற்றி வரவில்லை. மகாவலித் திட்டத்தின் பகுதியாகக் களு கங்கை நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது, மண்ணகழும் சங்கிலிச் சக்கர இயந்திரங்கள் பள்ளத்தாக்குக்கு வந்தன. பழைய பல்லேகம நகரம் நீரில் மூழ்கிற்று. 2019இற் புதிய லக்கலை நகரம் திறந்துவைக்கப்பட்டது. மின்சாரமும் நீர்ப்பாசனமும் நாட்டுக்கு வேண்டியவையே. எனினும் வீதிக்காகத் தலைமுறைகள் காத்திருந்த மக்களின் வாசலுக்குப் பேரியந்திரம் வந்த வேளையில், அவர்கள் அவ்வாசலை விட்டுப் பெயர வேண்டியிருந்தமை வரலாற்றின் முரண்களுள் ஒன்றாகும்.

கெக்ரெசின் எண்ணம் வேறொரு வடிவிலும் நம் நாட்டிற் பயில்கின்றது. ஈர வயலிற் புதையாது றப்பர்ப் பட்டியில் ஓடும் நெல் அறுவடை இயந்திரத்தை இன்று பல மாவட்டங்களிற் காணலாம். சேற்றிற் பலகை என்னும் அதே தத்துவம், பாலைவனத்தையும் போர்க்களத்தையும் கடந்து நெல்வயலை அடைந்துள்ளது. அது குனிந்தறுக்கும் முதுகின் நோவைக் குறைக்கின்றது. அதே நேரத்தில் அறுவடைக் கூலியை நம்பியிருந்த நிலமற்றவரின் வருவாயையும் பறிக்கின்றது. இயந்திரம் யாருக்கு உடைமையாயுள்ளது என்னும் வினா இங்கும் எழுகின்றது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறக்கூடிய முடிவு இதுவாகும். வீதியின்மை என்பது புவியியலின் குறை மட்டுமன்று. சமூக உறவுகளின் விளைவு. அதனை வண்டியின் சில்லை மாற்றுவதால் மட்டும் தீர்த்துவிடலாம் என்னும் நம்பிக்கை, கில்கித் பாதையிற் சுமைகாவிகளின் முதுகிலேயே உடைந்தது. கெக்ரெசின் திறமையையோ ஹார்ட்டின் துணிவையோ இக்கூற்று குறைத்து மதிப்பிடவில்லை. அத்திறமையும் துணிவும் எவருடைய உழைப்பின்மீது நின்றன என்பதையும் சேர்த்தெழுதினாலன்றி வரலாறு முழுமையடையாது என்பதே நமது கருத்து.

லக்கலைப் பிரதேசத்தில் பொதிமாடு ஓட்டியோர், ஏலமும் நெல்லும் சுமந்து மலை கடந்தோர், வீதி வேலைக்குச் சென்றோர் ஆகியோரின் நினைவுகள் முதிய தலைமுறையோடு மறைந்துவருகின்றன. பழைய கிராமங்கள் சில நீருள் மறைந்துவிட்ட நிலையில் இவற்றைத் திரட்டும் பணி காலந்தாழ்த்தத்தக்கதன்று. சிங்களமும் தமிழும் அறிந்த மாணவர் இணைந்து செய்யத்தக்க ஆய்வு இது. வண்டிகளுக்கு அருங்காட்சியகங்கள் உள்ளன. சுமந்தவர்களுக்கு அவ்விடத்தை வழங்கும் பொறுப்பு வரலாற்று மாணவரைச் சார்ந்ததாகும்.